வீட்டுத் தோட்டத்தில் குடைமிளகாய்



மிளகாய் என்றவுடனே நம் நாவுக்கு நினைவு வருவது காரம். காரமே இல்லாத மிளகாய் ஒன்று உண்டு என்று நம் முன்னோரிடம் சொல்லியிருந்தால், அவர்கள் நகைத்திருப்பார்கள். எனினும் அத்தகைய மிளகாய் இன்று கடைதோறும் கிடைக்கிறது. பச்சை, சிவப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில், குடம்போலத் திரண்டு பளபளக்கும் குடைமிளகாயைத்தான் சொல்கிறேன். அதனை விதையிலிருந்து நம் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்ப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

நான் பெரிய தோட்டக்காரன் அல்லன். திருச்சிராப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் நான் எழுதிக்காட்டிய பாடங்களையெல்லாம் உண்மையில் நான் கற்றிருக்கவில்லை என்பதை இந்தச் சிறு செடி எனக்கு நான்கு முறை எடுத்துக் காட்டியது. அந்த நான்கு பாடங்களையும் வந்த வரிசையிலேயே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதற்பாடம் விதையைப் பற்றியது. ஒருநாள் சமையலுக்காக நறுக்கிய பச்சைக் குடைமிளகாயின் உள்ளே நிறைய விதைகள் இருக்கக் கண்டேன். இத்தனை விதைகளை எறிவானேன் என்று எண்ணி, அவற்றை உலர்த்தி ஒரு தொட்டியில் தூவினேன். நாள்தோறும் நீர் தெளித்தேன். இருபது நாள்கள் சென்றன. ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. கடைக்காரர் ஏதோ மருந்திட்ட காயை விற்றுவிட்டார் என்று அவரைக் குறைகூறினேன். பிழை அவருடையதன்று, என்னுடையதே.

பச்சைக் குடைமிளகாய் என்பது தனி இனம் அன்று. அது இன்னும் பழுக்காத காய். நாட்கள் சென்றால் அதே காய் சிவப்பாகவோ, தன் இனத்துக்கு ஏற்ப மஞ்சளாகவோ மாறும். பழம் நிறம் மாறும்போதுதான் உள்ளேயுள்ள விதையும் முதிர்ச்சி அடைகிறது. அதற்கு முன்னர், விதைக்குள் இருக்கும் கருவும் அது உண்ண வேண்டிய உணவும் முற்றுப்பெறுவதில்லை. பிஞ்சு வெண்டையின் விதை முளைக்காது என்று நான் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் கடையில் வாங்கிய காய் ஒரு பிஞ்சே என்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்படியானால் சிவந்த பழத்தை வாங்கி விதையெடுக்கலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். அது முளைக்கும். ஆனால் கடைக்கு வரும் பழங்களிற் பல, வீரிய ஒட்டு விதையிலிருந்து விளைந்தவை. இரு வேறு பெற்றோரைக் கலந்து பெற்ற அவ்விதையின் அடுத்த தலைமுறை, தாயைப் போலவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே தொடக்கத்தில் நம்பகமான இடத்தில் நிலையான இனத்தின் விதையை வாங்குவதே முறை. ‘கலிபோர்னியா வொண்டர்’ என்பது அத்தகைய பழைய இனம். நம் நாட்டிலும் நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. அதனைத்தான் நானும் வாங்கினேன்.

இரண்டாம் பாடம் பருவத்தைப் பற்றியது. நல்ல விதை கிடைத்த மகிழ்ச்சியில், தை மாதத்திலேயே விதைத்தேன். நாற்றுகள் செழித்து வளர்ந்தன. பங்குனி இறுதியில் செடி முழுவதும் வெள்ளைப் பூக்கள். வீட்டில் உள்ளவர்களையெல்லாம் அழைத்துக் காட்டினேன். மறுவாரம் பூக்கள் ஒவ்வொன்றாகக் காம்போடு உதிர்ந்து மண்ணில் கிடந்தன. சித்திரை முடியும்வரை பூப்பதும் உதிர்வதுமாகவே இருந்ததேயன்றி, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

இதன் காரணம் யாது? குடைமிளகாயின் விதை வெப்பத்தை விரும்புவது. அதன் பூவோ குளிர்ச்சியை விரும்புவது. விதை நன்கு முளைப்பதற்கு மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நலம். 15 டிகிரிக்குக் கீழே அது பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். ஆனால் பூத்துக் காய்ப்பதற்குப் பகலில் 20 முதல் 25 டிகிரியும், இரவில் அதனினும் சற்றுக் குறைந்த வெப்பமும் ஏற்றவை. பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாதிருந்தால், மகரந்தம் வலிமை இழக்கிறது, சூல் கருவுறுவதில்லை, செடி அந்தப் பூவை உதிர்த்து விடுகிறது. நம் சமவெளியின் சித்திரை வெயிலில் வேறென்ன நடக்கும்?

ஆகவே நம் சமவெளியில் இச்செடிக்கு உரிய காலத்தை இப்படிக் கணக்கிட வேண்டும். ஆவணி மாதத்தில் விதைத்தால், வெப்பம் மிகுந்த நாட்களில் விதை முளைக்கும். புரட்டாசி இறுதியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நாற்றை நடலாம். கார்த்திகையில் பூக்கும். மார்கழியிலும் தையிலும், வெயில் தணிந்த அந்த இரண்டு மாதங்களில், காய் பிடிக்கும். உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களில் கதை நேர்மாறானது. அங்குப் பூவுக்குக் கவலையில்லை, விதைக்குத்தான் குளிர். அங்குள்ளவர்கள் மாசி, பங்குனியில் விதைத்து, விதைத்தட்டை அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் வைத்து முளைக்கச் செய்யலாம்.

மூன்றாம் பாடம் ஒரே இரவில் வந்தது. அடுத்த ஆவணியில், பருவம் அறிந்து, ஐம்பது விதைகளை விதைத்தேன். ஒன்பதாம் நாள் முளைகள் வந்தன. அன்பின் மிகுதியால் காலையிலும் மாலையிலும் நீர் வார்த்தேன். ஒருநாள் விடியற்காலையில் பார்த்தபோது, பாதி நாற்றுகள் மண்ணோடு ஒட்டிய இடத்தில் நூல்போல் இளைத்துச் சாய்ந்து கிடந்தன. மூன்று நாள்களில் எஞ்சியவையும் வீழ்ந்தன.

இதற்கு நாற்றழுகல் என்று பெயர். பித்தியம் முதலான நுண்ணுயிர்கள் ஈர மண்ணில் பெருகி, இளந்தண்டின் அடியைத் தாக்குவதால் வருவது. மண் எப்பொழுதும் சேறாக இருப்பதும், நாற்றுகள் நெருக்கமாக நிற்பதும், காற்றோட்டமின்மையும் அவற்றுக்குத் துணை செய்கின்றன. நான் வார்த்த நீரே என் நாற்றுகளைக் கொன்றது என்று சொன்னால் மிகையாகாது. நல்லவேளையாக ஆவணி முடியவில்லை. பொட்டலத்தில் விதையும் மீதமிருந்தது. இம்முறை செய்ததைத்தான் உங்களுக்கும் வழிமுறையாகச் சொல்கிறேன். எழுதுகோல் கையிலிருந்தால் குறித்துக் கொள்ளுங்கள்.

சலித்த செம்மண், மணல், மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து கொள்ளுங்கள். கொதிக்கும் நீரை அக்கலவையின் மேல் ஊற்றி, முற்றும் ஆறவிடுங்கள். தீங்கு செய்யும் நுண்ணுயிர்களிற் பெரும்பகுதி அழிந்துவிடும். அடியில் துளையுள்ள தட்டிலோ அகன்ற தொட்டியிலோ கலவையை நிரப்பி, இரண்டு விரற்கடை இடைவெளியில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேற்படாமல் விதையுங்கள். மேலே சிறிது வைக்கோலைப் பரப்பி, பூவாளியால் நீர் தெளியுங்கள். எட்டு முதல் பதினான்கு நாள்களுக்குள் வளைந்த முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் முளையைக் கண்ட அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நாற்றுகள் ஒளி தேடி நீண்டு மெலிந்துபோகும். அதன்பின் காலையில் மட்டும், அதுவும் மேல்மண் உலர்ந்தபின், நீர் விடுங்கள்.

முதலில் விரிபவை இரண்டு விதையிலைகள். அவற்றின் நடுவே தோன்றுபவையே உண்மை இலைகள். நாலைந்து உண்மை இலைகள் விரிந்து, நாற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நாள் வயதானதும் இடம் மாற்றலாம். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னிருந்தே, நீரைச் சற்றுக் குறைத்து, வெயிலைச் சற்றுக் கூட்டிப் பழக்க வேண்டும். நிழலில் வளர்ந்த பிள்ளையைத் திடீரென்று வெயிலில் நிறுத்தலாகாது அன்றோ? நடுவதற்கு மாலை நேரமே ஏற்றது. நிலத்திலாயின் செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். தொட்டியிலாயின் பத்து அல்லது பன்னிரண்டு லிட்டர் மண் கொள்ளும் தொட்டிக்கு ஒரு செடி போதும்.

செடி ஓரளவு உயர்ந்ததும் தண்டு இரண்டாகக் கவைக்கும். அந்தக் கவையிலே முதற்பூ தோன்றும். அதைக் கிள்ளிவிடுங்கள். முதற்பூவைக் கிள்ள மனம் வராது, எனக்கும் வரவில்லை. ஆனால் இளஞ்செடி அந்த ஒரு காயை வளர்ப்பதிலேயே தன் வலிமையைச் செலவிட்டால், கிளையும் வேரும் பரவா. கிளைகள் எளிதில் முறிபவை. ஆகையால் ஒரு குச்சியை நட்டுத் தளர்த்தியாகக் கட்டுங்கள். தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டால் இலை செழிக்குமே தவிரக் காய் குறையும்.

காயின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் அதைப் பூச்சி என்று எண்ணிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் காயின் நுனிவரை சென்று சேராமையே அதன் காரணம். அச்சத்து மண்ணில் இருந்தாலும், நீரோடு கரைந்துதான் மேலே செல்ல வேண்டும். இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக வார்த்தால் அந்தப் பயணம் தடைப்படும். ஆகவே நீரைச் சீராக விடுவதே மருந்து. இலைகள் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனையும் ஐயுறலாம். ஒரு லிட்டர் நீருக்கு ஐம்பது கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

அந்த ஆண்டு மார்கழியில் என் தோட்டத்தில் முதற்காயைப் பறித்தேன். கையால் இழுக்காமல் கத்தரியால் காம்போடு வெட்ட வேண்டும். சிலவற்றைப் பழுக்கவும் விட்டேன். பச்சைக்காய் சிவப்பதற்கு மேலும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். பொறுத்திருப்பதற்குப் பயனும் உண்டு. நூறு கிராம் பச்சைக் குடைமிளகாயில் வைட்டமின் சி சுமார் 80 மில்லிகிராம் இருக்க, சிவந்த பழத்தில் சுமார் 130 மில்லிகிராம் வரை உண்டு.

இங்கே ஓர் அறிவியலாரின் கதையை நினைவுகூர்தல் பொருந்தும். ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்பவர் ஹங்கேரி நாட்டவர். 1928-ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜில் பணியாற்றியபோது, விலங்குகளின் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைச் சிறிதளவே பிரித்தெடுத்தார். அதுவே வைட்டமின் சி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் அதை விரிவாக ஆராயப் போதிய அளவு கிடைக்கவில்லை. பின்னர் அவர் ஹங்கேரியின் செகெட் நகருக்குச் சென்றார். அது மிளகாய்ச் சாகுபடிக்குப் பெயர்போன ஊர். ஒருநாள் இரவு உணவில் அவர் மனைவி மிளகாய்ப் பழத்தை வைத்தார். அவருக்கோ அதை உண்ண விருப்பமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனமின்றி, இதை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லையே என்று அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றாராம். நள்ளிரவுக்குள் அது வைட்டமின் சி-யின் கருவூலம் என்று கண்டுகொண்டார். சில வாரங்களில் ஒரு கிலோவுக்கும் மேலாக அவரால் அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. 1937-ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தாம் உண்ண விரும்பாத காயையும் ஆராய விரும்பினார் என்பதே நாம் கொள்ள வேண்டிய கருத்து.

இனி நான்காம் பாடம். இதை என்னால் மறக்க முடியாது.

என் செடிகளில் மிகப் பெரிய காயைப் பழுக்கவிட்டு, விதையெடுத்து, நிழலில் உலர்த்தி, கண்ணாடிப் புட்டியில் வைத்து, அடுத்த ஆவணியில் விதைத்தேன். நான்கு செடிகளை நட்டேன். அவற்றுள் ஒன்றின் காய்கள் உருண்டு சிறுத்திருந்தன. உரம் போதவில்லை என்று எண்ணினேன். தை விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். ஆறு வயதுக் குழந்தை. சென்ற ஆண்டு இனிப்பாக இருந்ததை அவள் மறக்கவில்லை. நானே அந்தச் சிறு காயைப் பறித்துக் கழுவி, “இது காரமே இராது, கடித்துப் பார்” என்று கொடுத்தேன். ஒரு கடிதான். மறுகணம், “தாத்தா, எரியுது!” என்று அலறினாள். கண்ணும் மூக்கும் சிவந்துவிட்டன. தண்ணீர் கொடுத்தேன், எரிச்சல் குறையவில்லை. அவள் பாட்டி ஓடிவந்து கெட்டித் தயிரை ஊட்டியபின்தான் அழுகை தணிந்தது. அன்று மாலை முழுவதும் அவள் என் கையால் எதையும் வாங்கி உண்ணவில்லை.

குழந்தை உறங்கியபின் நான் தோட்டத்தில் நின்று யோசித்தேன். சென்ற ஆண்டு குடைமிளகாய்ச் செடிகளுக்கு இரண்டு முழத் தொலைவில் முண்டு மிளகாய்ச் செடியொன்று நின்றது நினைவுக்கு வந்தது. மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆயினும் தேனீக்களும் பிற பூச்சிகளும் ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொன்றில் கொண்டு சேர்ப்பதுண்டு. குடைமிளகாயும் முண்டு மிளகாயும் ஒரே தாவர இனத்தின் பிள்ளைகள். ஆகையால் அவை எளிதில் கலக்கின்றன.

அப்படிக் கலந்திருந்தால், சென்ற ஆண்டுக் காயே ஏன் காரமாக இருக்கவில்லை? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. காயின் சதை தாய்ச்செடியின் பகுதி. தந்தையின் மகரந்தத்துக்கு அதில் பங்கில்லை. விதைக்குள் உறங்கும் கருவில்தான் இரு குலங்களும் கலக்கின்றன. ஆகவே அந்தக் கலப்பு, அவ்விதை முளைத்துச் செடியாகி, அந்தச் செடி காய்க்கும்போதுதான் வெளிப்படும். காரம் விதையில் பிறப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அதுவும் பிழை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சூலொட்டுத் திசுவிலேதான் காப்சைசின் என்னும் காரப்பொருள் உண்டாகிறது. குடைமிளகாயில் அதை உண்டாக்கும் மரபணு பழுதுபட்டிருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டில் அந்த மரபணுவை அடையாளம் கண்டு, இனிக்கும் இனங்களில் அதன் ஒரு பகுதியே விடுபட்டுப் போயிருப்பதைக் காட்டினர். பழுதற்ற மரபணு ஒன்று வந்து சேர்ந்தாலும் காரம் வந்துவிடும். காரம் ஓங்கு பண்பு. இனிப்பு ஒடுங்கு பண்பு.

என் பேத்தியின் நாவில் தீப்பட்டதுபோல் எரிந்தது வெறும் உவமை அன்று. சூட்டை உணர்வதற்கென நம் நரம்பு முனைகளில் உள்ள புரதம் ஒன்றையே காப்சைசின் தூண்டுகிறது. ஆகவே மூளை, நாக்கு சுட்டது என்றே கொள்கிறது. அந்தப் புரதத்தை 1997-இல் கண்டறிந்தது டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவருள் அவரும் ஒருவர். பறவைகளின் புரதமோ காப்சைசினுக்கு அசைந்து கொடுப்பதில்லை. கிளி மிளகாயைக் கொறித்தும் கலங்காமல் இருப்பதன் மர்மம் அதுவே. காப்சைசின் நீரில் எளிதில் கரைவதில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள கொழுப்பும் புரதமும் அதைப் பற்றிக் கொள்கின்றன. பாட்டிக்குத் தெரிந்திருந்த மருந்து தாத்தாவுக்குத் தெரியவில்லை.

மெண்டல் 1866-இல் பட்டாணிச் செடிகளைப் பற்றி வெளியிட்ட விதியை நான் ஆண்டுதோறும் கற்பித்தவன். அதே விதி என் கொல்லையில் நின்றபோது நான் அறியவில்லை. அந்தக் காரச் செடியைப் பிடுங்கி எறிய மனம் வரவில்லை. அதன் சில மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடி, தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்து, காம்பில் நூல் கட்டி அடையாளமிட்டு, பழுத்தபின் விதையெடுத்தேன். மறு ஆண்டு பன்னிரண்டு செடிகள் வளர்த்தேன். மெண்டலின் கணக்குப்படி நாலில் ஒரு பங்கு, அதாவது மூன்று செடிகள், இனிக்க வேண்டும். இரண்டுதான் இனித்தன. விதி பொய்த்தது என்று எண்ணாதீர்கள். பன்னிரண்டு என்பது சிறிய எண்ணிக்கை; பத்து முறை நாணயத்தைச் சுண்டினால் சரியாக ஐந்து தலை விழுவதில்லை. எண்ணிக்கை பெருகப் பெருகத்தான் விதி தன் முகத்தைத் தெளிவாகக் காட்டும்.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு சிறு பாத்தி கிடைத்தால் இச்சோதனையைச் செய்து பாருங்கள். காரத்தை அறிவதற்கு, வெண்திசுவின் கடுகளவை நாவின் நுனியில் வைத்தாலே போதும். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். அருகில் தயிர் இருக்கட்டும். இனிப்பு மாறாத விதை வேண்டுபவர்கள், பூ விரியுமுன்னே மொட்டைத் துணிப்பையால் மூடுங்கள். காய் பிடித்ததும் பையை நீக்கி, நூலால் அடையாளமிடுங்கள்.

என் பேத்தி மறு ஆண்டும் வந்தாள். அந்த இரண்டு இனிப்புச் செடிகளின் முன் அவளை நிறுத்தினேன். அவள் என் முகத்தைப் பார்த்து, “முதலில் நீங்கள் கடியுங்கள்” என்றாள். கடித்தேன். பிறகுதான் அவள் கை நீட்டினாள். சொல்லை அப்படியே நம்பாமல் சோதனையைக் கேட்ட அந்தக் குழந்தை, என் வகுப்புகளில் அமர்ந்திருந்த எவரினும் நல்ல மாணவி என்று எனக்குத் தோன்றியது.